எம்சி முடிந்த மறுநாள் வேலை இல்லை! இது என்ன நியாயம்?

பத்து விரலோடு ஆலைக்குள் நுழைந்த தொழிலாளி எட்டு விரலோடு வெளியே வந்தால், போன இரண்டு விரலுக்கு யார் பொறுப்பு? "சொக்சோ இருக்கிறதே, அங்கே போய்க் கேள்" என்கிறார் முதலாளி. சொக்சோ பணம் தரும், மறுக்கவில்லை. ஆனால் தையல் பிரித்து, எம்சி முடிந்து, அதே ஆலை வாசலுக்குத் திரும்பி வருகிறவருக்கு மீண்டும் வேலை கொடுக்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மலேசியச் சட்டத்தில் நேரான பதில் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது வெளியே தள்ளப்பட்ட நம் மக்கள் எங்கே போனார்கள்? காப்பார், ஷா ஆலாம், பிறை, பாசிர் கூடாங் ஆலைகளுக்குப் போனார்கள். லோரி ஓட்டப் போனார்கள். பாதுகாவலர் வேலைக்குப் போனார்கள். நம் அக்கா தங்கைகள் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் குத்தகைத் துப்புரவுப் பணிக்குப் போனார்கள். உடம்பை மட்டுமே மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் சமூகத்துக்கு, உடம்பில் படும் காயம்தான் மிகப் பெரிய நட்டம். உங்கள் தாமானில் நாலு தெரு நடந்து பாருங்கள். விரல் போனவர், முதுகு போனவர், இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கால் போனவர் ஒருவராவது இல்லாமல் இருக்க மாட்டார்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் நிலைமை இன்னும் கொடுமை. செம்பனைக் குலை தோளில் விழுந்து ஒருவர் படுத்துவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். காயமும் வெளியேற்ற நோட்டீசும் கைகோத்து வரும். அங்கே இருந்த அநியாயம் ஆலைக்கு வந்ததும் ஒழிந்துவிட்டதா? இல்லை. காற்சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

1969இல் போட்ட பேரம்

தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் வந்தது. இதுதான் சட்டம் 4. இதன் கீழ் 1971இல் சொக்சோ, அதாவது இன்றைய பெர்கேசோ, அமைந்தது. இந்தச் சட்டத்தின் அடியில் இருப்பது ஒரு பேரம். விபத்துக்கு யார் காரணம் என்று சொக்சோ கேட்காது. தொழிலாளியின் கவனக்குறைவாக இருந்தாலும் இழப்பீடு உண்டு. நல்ல விஷயம். அதற்கு மாறாக முதலாளிக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

31ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலையில் காயமடைந்த தொழிலாளி, அதற்காக வேறெந்தச் சட்டத்தின் கீழும் முதலாளியிடம் நட்ட ஈடு கேட்க முடியாது. மோட்டார் வாகனக் காப்புறுதி சம்பந்தப்பட்ட சில விவகாரங்கள் மட்டுமே விதிவிலக்கு. முதலாளியின் படு அலட்சியத்தால்தான் கை போனது என்று ஆயிரம் ஆதாரம் இருந்தாலும், சிவில் நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குப் போட முடியாது. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு விழுக்காட்டைச் சந்தாவாகக் கட்டினால் போதும், நீதிமன்றக் கதவு அடைபட்டுவிடும். முதலாளிக்குக் கிடைத்த கவசம் இது.

சரி, கவசத்துக்கு ஈடாகத் தொழிலாளிக்குக் கிடைப்பது எவ்வளவு? எம்சியில் இருக்கும்போது கணக்கிடப்பட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. அதுவும் எம்சி 4 நாளாவது இருக்க வேண்டும். உறுப்பு நிரந்தரமாகப் போய்விட்டால், நாள் சம்பளத்தின் 90 விழுக்காட்டை மருத்துவ வாரியம் மதிப்பிடும் ஊன விழுக்காட்டோடு பெருக்குவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளம் வாங்குகிறவரின் ஊனத்தை வாரியம் 20 விழுக்காடு என்று மதிப்பிட்டால், அவருக்குக் கிடைப்பது நாளுக்குச் சுமார் 10 ரிங்கிட்! 20 விழுக்காட்டைத் தாண்டாததால், விரும்பினால் முழுவதையும் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் அந்தத் தொகை எத்தனை மாதம் தங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சொக்சோ பணம் வேலைக்கு மாற்று ஆகாது. வேலை இருந்தால்தான் அந்தப் பத்து ரிங்கிட் ஓர் உதவி. வேலையும் போய்விட்டால் அது பிச்சை.

வாசல் மூடும் நாள்

தற்காலிக ஊன உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலை நீக்கம் செய்யக்கூடாது, தண்டிக்கக்கூடாது என்று சட்டம் 4 சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஆயுள் எம்சி இருக்கும் வரைதான். எம்சி முடிந்த மறுநாள்? அவருக்குப் பொருத்தமான வேலை தேடிக் கொடு, மெஷினை மாற்றியமை, சில வாரம் குறைந்த நேரம் வேலை செய்ய விடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் பிரிவு எதுவும் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். முதலில் மனிதவளப் பிரிவில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். "உன் நன்மைக்குத்தான் சொல்கிறோம், இந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறாய்?" என்பார்கள். பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ டைப் செய்த ஒரு கடிதம் வரும். அதில் "சுய விருப்பத்தின் பேரில்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் அன்பளிப்பு. போடாவிட்டால்? வலது கை விளங்காதவரை மூட்டை தூக்கும் பகுதிக்கு மாற்றுவார்கள். பத்து நாளில் அவராகவே ஓடிவிடுவார். வேலை நீக்கம் என்று எங்கும் எழுதாமலேயே காரியம் முடிந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்ததே என்று கேட்பீர்கள். வேலைவாய்ப்பில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அழகாக எழுதினார்கள். மீறுகிற முதலாளிக்கு என்ன தண்டனை என்று மட்டும் எழுதாமல் விட்டார்கள். பல் இல்லாத சட்டம் யாரைக் கடிக்கும்?

விபத்தா, அலட்சியமா?

காயத்துக்குப் பிறகு நடப்பதைப் பேசினோம். காயமே நடக்காமல் தடுப்பது முதலாளியின் முதல் கடமை அல்லவா? அங்கே என்ன நடந்தது?

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் மாண்டனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மூன்று ஆண்டு கழித்து, 1994இல், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அபாயத்தை உண்டாக்குகிறவரே அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல கொள்கைதான். ஆனால் கடமையை மீறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட். 2024 வரை, முழுசாக முப்பது ஆண்டுகள், அந்தத் தொகை அப்படியே கிடந்தது. பெரிய கம்பெனிகளுக்கு அது ஒரு விருந்துச் செலவு.

நம் தோட்டத்துப் பெண்களின் கதையையும் மறந்துவிடக்கூடாது. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்ப் பெண்கள். நகம் அழுகியது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா போன்ற அமைப்புகள் அதை வெளியே கொண்டு வந்தன. 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை அமலுக்கு வந்தது 2020 ஜனவரியில்! தெளித்தவரின் உடம்பு கெடுகிறது என்று தெரிந்த பின்னும் 18 ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். இதை விபத்து என்று எப்படிச் சொல்வது?

ஆலைக்குள் நடப்பதும் இதே கதைதான். பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான்கள் இருக்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்தது. உற்பத்தி வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். சென்சாரைக் கழற்றிவிடுவார்கள். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடாமல், ஓடுகிற மெஷினிலேயே கையை விட்டுத் துடைக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் பதினோராவது மணியில் கை மாட்டிக்கொண்டால், "இவன் கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதுவார்கள். பொத்தானை ஒட்டச் சொன்னது யார்? அந்தப் பெயர் அறிக்கையில் வராது.

2024 ஜூன் 1ஆம் தேதி திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அபராத உச்சம் 500,000 ரிங்கிட். வீட்டுப் பணியாளர் போன்ற ஒரு சில விலக்குகள் தவிர, எல்லா வேலையிடங்களுக்கும் சட்டம் விரிந்தது. அபாய மதிப்பீடு கட்டாயம். ஐந்து பேருக்கு மேற்பட்ட இடத்தில் மட்டுமல்ல, ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். குத்தகைக்கு விட்ட தலைமை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். உடனடி ஆபத்து என்று சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. இவை போராடிப் பெற வேண்டிய உரிமைகள் அல்ல, சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை. உங்கள் ஆலையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழில் யாராவது எடுத்துச் சொன்னார்களா?

வாசல் பலகையின் ரகசியம்

ஆலை வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண் போட்ட பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் குறையாமல் இருக்க என்னவெல்லாம் செய்கிறார்கள்?

விபத்தால் ஒருவர் 4 நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், 7 நாட்களுக்குள் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு முதலாளி அறிக்கை அனுப்ப வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிமுறை அது. சொக்சோவுக்கு 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. காயம்பட்டவரை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பாமல் கம்பெனி கிளினிக்குக்குக் கூட்டிப் போவது. இரண்டு நாள் எம்சி. மூன்றாம் நாள் கட்டோடு வேனில் ஏற்றி வந்து கேண்டீனிலோ ஸ்டோரிலோ உட்கார வைப்பது. "லைட் டியூட்டி" என்று அதற்குப் பெயர். காயம் ஆறியதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. பலகையில் எண் குறையவில்லை, அது போதும்.

நாம் கேட்பது இந்த மாதிரித் திரும்புதல் அல்ல. பாதுகாப்பான திரும்புதலுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சிகிச்சை முழுமையாக நடக்க வேண்டும். அவர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். முதலில் பழைய வேலையைப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அதே வேலையைச் சில மாற்றங்களோடு தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அதே நிறுவனத்தில் வேறு வேலை. வேறு நிறுவனம் என்பது கடைசி வழி. முதல் வாரங்களில் குறைந்த நேரம், பிறகு படிப்படியாக முழு நேரம். எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் விரலை எடுத்த அந்த மெஷினைச் சரி செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவரை மறுபடி அதே இடத்தில் நிறுத்துவது அடுத்த விரலுக்கு நாள் குறிப்பது.

சொக்சோ 2007இலேயே "மீண்டும் வேலைக்கு" திட்டத்தைத் தொடங்கியது. மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தையும் 2014இல் திறந்தது. உடற்பயிற்சிச் சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. தொழிலாளிக்காக முதலாளியிடம் பேச ஓர் அதிகாரியும் உண்டு. நல்ல திட்டம், பலர் பயன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரி முதலாளியிடம் கெஞ்சத்தான் முடியும். முதலாளி "இடமில்லை" என்றால் கதை முடிந்தது. ஆளைத் தயார் செய்து அனுப்புகிறோம், வாசலைத் திறக்கச் சொல்லும் சட்டம் இல்லை!

சாக்குப்போக்குகள்

"சிறு கம்பெனிகள் தாங்காது" என்பார்கள். நாம் சிறு கடைக்காரரையும் பெரும் ஆலையையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லவில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, ஓராண்டு வேலை செய்து காயமடைந்தவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கடமை இரண்டு ஆண்டு வரை நீளும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், காயத்தைக் காரணம் காட்டி முதல் 6 மாதத்துக்குள் வேலை நீக்கம் செய்வது குற்றம். அங்கே தொழிற்சாலைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றனவா?

"ஒரு கை இல்லாதவருக்கு என்ன வேலை கொடுப்பது?" என்பார்கள். பத்தாண்டு மெஷின் ஓட்டியவருக்கு மெஷினைப் பற்றித் தெரியும். தரம் பார்க்கத் தெரியும். புதியவருக்குச் சொல்லித் தரத் தெரியும். அவர் இழந்தது ஒரு கையை, பத்தாண்டு அனுபவத்தை அல்ல.

"அந்நியத் தொழிலாளி மலிவாகக் கிடைக்கிறானே" என்பது வாய்விட்டுச் சொல்லாத காரணம். இங்கே நாம் ஏமாந்துவிடக்கூடாது. வங்காளதேசியும் நேப்பாளியும் நம் எதிரிகள் அல்லர். 2019 ஜனவரி முதல் அவர்களும் சொக்சோவின் தொழில் விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் பெர்மிட் முதலாளி கையில் இருப்பதால், காயம்பட்டால் அவரை விமானம் ஏற்றிவிடுவது இன்னும் சுலபம். அவர் விரலுக்கு மதிப்பில்லாத ஆலையில் உங்கள் விரலுக்கும் மதிப்பிருக்காது. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் அந்த இடத்தில்தான் நின்றார்கள்.

நாம் கேட்பது என்ன?

1. வேலையில் காயமடைந்தவரைக் குறிப்பிட்ட காலம் வரை திரும்ப எடுக்கும் கடமையைச் சட்டம் 4இல் சேர்க்க வேண்டும். 31ஆம் பிரிவின் கவசம் வேண்டும் என்றால் இந்தக் கடமையையும் சுமக்கட்டும்.

2. மறுக்கும் முதலாளி, ஏன் மாற்று வேலை தர முடியவில்லை என்று எழுத்தில் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது.

3. பாதுகாப்புக் கருவியைக் கழற்றியதால் அல்லது முடக்கியதால் வந்த காயத்துக்கு 31ஆம் பிரிவு அடைக்கலம் தரக்கூடாது. வேண்டுமென்றே ஆபத்தை உண்டாக்கியவர் நீதிமன்றத்தில் பதில் சொல்லட்டும்.

4. விபத்தை மறைக்கும் நிறுவனங்களுக்கு அரசாங்கக் குத்தகை கொடுக்கக்கூடாது.

5. பாதுகாப்புப் பயிற்சியும் எச்சரிக்கை அறிவிப்பும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ காயம் நேர்ந்தால்

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. இன்றைக்கே இவற்றை நினைவில் வையுங்கள்.

காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மேலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினையும் இடத்தையும் கைப்பேசியில் படமெடுக்கச் சக தொழிலாளியிடம் சொல்லுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்து வையுங்கள். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ விபத்து என்றால் போலீஸ் புகார் அவசியம்.

கம்பெனி கிளினிக் மட்டும் போதாது என்று தோன்றினால் அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். எம்சி எதையும் தொலைக்காதீர்கள்.

முதலாளி பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் நீங்களே நேராகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். உங்கள் பெயரில் சந்தா கட்டவில்லை என்பதற்காகப் பின்வாங்காதீர்கள். கட்டாதது முதலாளியின் குற்றம், உங்கள் குற்றம் அல்ல.

"மீண்டும் வேலைக்கு" திட்டத்தில் சேர்க்கும்படி நீங்களே கேளுங்கள். மருத்துவ வாரியத்தின் மதிப்பீடு குறைவாகப் பட்டால் மேல்முறையீடு உண்டு.

எக்காரணம் கொண்டும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்! "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். வேலை நீக்கம் செய்தால், அல்லது வேண்டுமென்றே ஓட வைத்தால், 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின் கீழ் தொழிலியல் உறவுத் துறையில் முறையிட வேண்டும். 61ஆவது நாள் வந்தால் எந்த வழக்கறிஞராலும் காப்பாற்ற முடியாது.

பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலையிடம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2022இல் அறிவித்தது. அது ஜெனீவாவில் எழுதியது. காப்பாரில் நடைமுறைக்கு வர வேண்டும் என்றால் நாம்தான் வாய் திறக்க வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் ஆலையில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? முதலாளி கைகாட்டிய ஆளா, நீங்கள் தேர்ந்தெடுத்தவரா? நாளைக்கு வேலைக்குப் போனதும் முதலில் அதைக் கேளுங்கள்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மாலை வாங்கிக்கொள்ள வருவார். அடுத்த முறை வரும்போது மாலையோடு இந்த ஐந்து கோரிக்கைகளையும் அவர் கையில் கொடுங்கள். இதை நகலெடுத்து உங்கள் ஷிப்டில் இருப்பவர்களிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழ் தெரியாத தோழருக்கு மலாயில் சொல்லுங்கள்.

உழைக்கப் போனவர் முழு உடம்போடு வீடு திரும்பட்டும். காயம்பட்டவர் மரியாதையோடு வேலைக்குத் திரும்பட்டும். இரண்டும் சலுகை அல்ல, உரிமை!